இந்தத் தசை செத்து எத்தனை நாள்? நோயியலுக்கு ஓர் அறிமுகம்

முதன்முறையாக நோயியல் ஸ்லைடைப் பார்க்கும் மாணவருக்கு இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஏதோ கறைதான் தெரியும். மைக்ரோஸ்கோப்பின் திருகைத் திருகித் திருகிக் கண் வலித்ததுதான் மிச்சம். பக்கத்தில் வந்து குனிந்து பார்க்கும் ஆசிரியர், "இதயத் தசை. மாரடைப்பு. மூணு நாள் ஆகியிருக்கும்" என்பார். மாரடைப்பு என்று கண்டுபிடித்தது இருக்கட்டும். அந்த மூன்று நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? இது புரிந்துவிட்டால் நோயியலில் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி என்பது என் எண்ணம்.

ஸ்லைடில் இருப்பது, நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தின் நடுவே எடுத்த ஒரே ஒரு படம். நேற்று அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும், நாளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று முன்னும் பின்னும் யோசிக்கப் பழக வேண்டும். எந்த நோயை எடுத்தாலும் நான்கு கேள்விகள்: எதனால் வந்தது, எப்படி வளர்ந்தது, உறுப்பிலும் செல்லிலும் எதை மாற்றியது, அதனால் நோயாளிக்கு என்ன தொந்தரவு. பாடநூல்கள் இவற்றை ஏட்டியாலஜி, பேத்தோஜெனிசிஸ், மார்ஃபாலஜி, கிளினிக்கல் அறிகுறிகள் என்று தனித்தனித் தலைப்பில் போடுகின்றன. மாணவர்களும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் மூன்றாவதும் நான்காவதும் பெரும்பாலும் தானாக வரும்.

நோய்க்கு உடலுக்குள் ஓர் இடம் உண்டு என்பதே ஒரு காலத்தில் புதுச் செய்தி. இத்தாலியின் படுவா நகரில் மோர்கானி, நோயாளிகள் சொன்ன தொந்தரவுகளையும் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி, 1761-இல் தன் 79-ஆம் வயதில் நூலாக வெளியிட்டார். நோய் உறுப்பில் இருக்கிறது என்றார் அவர். பிரான்சில் பிஷா, மைக்ரோஸ்கோப்பின் துணை இல்லாமலே 21 வகைத் திசுக்களைப் பிரித்துக் காட்டி, நோய் திசுவில் இருக்கிறது என்றார். 1858-இல் பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோ அதைச் செல்லுக்கே கொண்டுபோனார். இன்று மரபணு வரை போய்விட்டோம். ஆனாலும் தினசரி வேலை இன்னும் விர்ச்சோவின் செல்லில்தான் நடக்கிறது.

ஸ்லைடு எப்படி உருவாகிறது என்று ஒருமுறையாவது கூட நின்று பாருங்கள். வெட்டி எடுத்த திசுவை உடனே ஃபார்மலினில் போடுகிறார்கள். அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகலை நிறுத்தி, செல்லை அப்படியே பிடித்து வைக்கும். அப்புறம் ஆல்கஹால் தண்ணீரை வெளியேற்ற, சைலீன் அந்த ஆல்கஹாலை வெளியேற்ற, உருக்கிய பாரஃபின் மெழுகு உள்ளே புகுந்து இறுகுகிறது. அந்த மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 3 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவுகிறார்கள். நம் சிவப்பணுவின் விட்டம் சுமார் 7 மைக்ரான். ஆக, சீவிய ஏடு ஒரு சிவப்பணுவின் அகலத்தைவிடவும் மெல்லியது. ஸ்லைடில் எங்கேயாவது சிவப்பணு தென்பட்டால் விட்டுவிடாதீர்கள், அதுதான் கூடவே வரும் அளவுகோல். பக்கத்துச் செல்லின் உட்கரு அதைப்போல எத்தனை மடங்கு என்று கண்ணாலேயே அளந்துவிடலாம்.

ஏட்டுக்குச் சொந்த நிறம் கிடையாது. மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலிருந்து எடுக்கும் ஹிமடாக்சிலினும், ஈயோசின் என்ற செயற்கைச் சாயமும் சேர்ந்துதான் அதற்கு நிறம் தருகின்றன. ஹிமடாக்சிலின் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இருக்கும் இடத்தை நீல ஊதாவாக்கும். ஈயோசின் புரதத்தை இளஞ்சிவப்பாக்கும். இவ்வளவுதான் வேதியியல். ஆனால் செல் சாகும்போது இதே வேதியியல்தான் நமக்குச் சேதி சொல்கிறது. ஆர்.என்.ஏ. சிதைந்து நீலம் குறைகிறது. உருக்குலைந்த புரதங்கள் ஈயோசினைக் கூடுதலாக இழுத்துக்கொள்கின்றன. அதனால்தான் செத்த தசை, உயிருள்ள தசையைவிடப் பளிச்சென்று சிவப்பாகத் தெரிகிறது.

சரி, இப்போது அந்த இதயத்துக்கு வருவோம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி நாளம் ஒன்று அடைபட்ட ஒரு நிமிடத்துக்குள்ளாகவே அந்தப் பகுதித் தசை சுருங்கும் பலத்தை இழக்கிறது. ஆக்சிஜன் இல்லாததால் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. இறங்குகிறது, லாக்டிக் அமிலம் சேர்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் நிற்க, தண்ணீர் உள்ளே புகுந்து செல் ஊதுகிறது. இதுவரை நடந்ததெல்லாம் திரும்பக்கூடியது. ரத்தம் திரும்ப வந்தால் செல் பிழைத்துக்கொள்ளும். சுமார் 20 முதல் 40 நிமிடம் கடந்துவிட்டால் அடைப்பு கடுமையாக உள்ள இடத்தில் செல்லின் சவ்வு கிழிந்துபோகிறது. இனி ரத்தம் வந்தாலும் அந்தச் செல் மீளாது. உள்ளே இருந்த ட்ரோபோனின் என்ற தசைப் புரதம் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. மருத்துவமனையில் சில மணி நேர இடைவெளியில் மறுபடி மறுபடி அளப்பது இந்தக் கசிவைத்தான்.

ஆனால் அந்த முதல் மணி நேரத்திலேயே ஒருவர் இறந்து, இதயத்தைத் திறந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. செல் செத்துவிட்டது, செத்ததன் தோற்றம் இன்னும் வரவில்லை. முதல் வருடம் இதைக் கேட்டால் நம்ப முடியாது. இரண்டு மூன்று மணி நேரம் உயிரோடு இருந்து இறந்தவர் என்றால் ஒரு வழி உண்டு. இதயத்தின் குறுக்குவெட்டைட் டெட்ராசோலியம் கரைசலில் முக்குவார்கள். உயிரோடிருந்த தசையில் நொதிகள் இருப்பதால் அது செங்கல் நிறமாகும். நொதிகள் கசிந்துவிட்ட பகுதி வெளுத்தே நிற்கும்.

நான்கு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மைக்ரோஸ்கோப்பில் மாற்றங்கள் தலைகாட்டும். தசை நார்கள் சிவக்கும், உட்கரு சுருங்கிக் கறுக்கும், பிறகு மங்கி மறையும். வினோதம் என்னவென்றால், செத்த பிறகும் நாரின் வடிவம் பல நாள் அப்படியே நிற்கிறது, உயிர் போன வீட்டுக்குச் சுவர் மட்டும் இருக்கிற மாதிரி. இதைத்தான் கோயாகுலேட்டிவ் நெக்ரோசிஸ் என்கிறோம். மூளையில் இதே அடைப்பு வந்தால் வடிவம் நிற்காது, திசு கூழாகிவிடும்.

முதல் நாளிலிருந்து மூன்றாம் நாள் வரை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக வரும். ரத்த நாளத்தின் சுவரை ஒட்டி உருண்டு, பிடித்துக்கொண்டு, இடுக்கு வழியே பிதுங்கி வெளியேறும். 1867-இல் விர்ச்சோவின் மாணவர் கோன்ஹைம் தவளையின் திசுவில் இதைக் காட்டினார். அந்தக் காலம்வரை சீழ்ச் செல்கள் அங்கேயே முளைக்கின்றன என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். நாம் முதலில் பார்த்த ஸ்லைடில் செத்த நார்களுக்கு நடுவே நியூட்ரோஃபில் நிறைந்திருந்தது. ஆசிரியர் மூன்று நாள் என்று சொன்னது இதைப் பார்த்துத்தான்.

மூன்றிலிருந்து ஏழாம் நாள் வரை மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்களின் காலம். அவை செத்த நார்களைத் தின்று அப்புறப்படுத்துகின்றன. இந்தக் கட்டத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பழைய தசை போய்க்கொண்டிருக்கிறது, வடுவுக்கு வலு தரும் நார்ப் புரதமான கொலாஜன் இன்னும் வரவில்லை. இதயச் சுவர் அதன் வாழ்நாளிலேயே மிக மெத்தென்று இருப்பது இப்போதுதான். நெஞ்சுவலி போய், எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நோயாளி ஐந்தாம் நாள் திடீரென்று சரிகிறார் என்றால், சுவர் கிழிந்து ரத்தம் இதய உறைக்குள் நிரம்பியிருக்கலாம். இதைப் புரிந்து படித்தவருக்குத் தனியாக மனப்பாடம் எதற்கு?

ஏழாம் நாளுக்கு மேல் ஓரங்களிலிருந்து புதிய தந்துகிகளும் (நுண்ணிய ரத்தக் குழாய்கள்) கொலாஜனை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் உள்ளே வருகின்றன. வெட்டிப் பார்த்தால் மஞ்சள் பகுதியைச் சுற்றிச் சிவந்த கரை கட்டியிருக்கும். இரண்டு மாதத்தில் வெளுத்த, கெட்டியான வடு. அதற்குப் பிறகு ஸ்லைடைப் பார்த்து இரண்டு மாதமா, பத்து வருடமா என்று சொல்ல முடியாது. கல்லீரலில் நிலைமை வேறு. அடிப்படைச் சட்டகம் கெடாமல் இருந்தால் மீதமிருக்கும் செல்கள் பிரிந்து பெருகி இடத்தை நிரப்பிவிடும். இதயத் தசைக்கு அந்த வசதி ஏறக்குறைய இல்லை.

பார்க்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 40 மடங்கு லென்ஸுக்கு உடனே தாவாதீர்கள். முதலில் ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெறும் கண்ணால் பாருங்கள். அப்புறம் 4 மடங்கு லென்ஸில் ஓரம் முதல் ஓரம் வரை நகர்த்துங்கள். எது இருக்க வேண்டியது, எது வந்து சேர்ந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். பெரிதாக்கிப் பார்ப்பது சந்தேகத்தை உறுதி செய்ய.

பிறகு, ஸ்லைடோடு வரும் படிவத்தைப் படியுங்கள். எலும்பு முறிந்து இரண்டு மூன்று வாரத்தில் முறிவை ஒட்ட உருவாகும் காலஸ் என்ற திசுவில் செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும், புதிய எலும்பு ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும். அந்தத் துணுக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் எலும்புப் புற்றுநோயான ஆஸ்டியோசார்கோமா என்று நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வயது, எந்த எலும்பு, எக்ஸ்ரே, அடிபட்டு எத்தனை நாள் என்ற விவரம் இல்லாமல் அதற்கு ரிப்போர்ட் எழுதக் கூடாது. நாளைக்கு நீங்கள் வார்டில் நின்று அவசரமாக அந்தப் படிவத்தை நிரப்பும்போது, "மூன்று வாரம் முன்பு விழுந்தார்" என்ற ஒரு வரியை எழுதாமல் விடாதீர்கள். அந்த வரி இருந்தால், மறுமுனையில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்திருப்பவர் அந்தத் துணுக்கைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும்.