கல் நட்ட தேதியைக் குறித்து வையுங்கள்

வாகரைப் பக்கமிருந்து இரவு பஸ் ஏறி, விடிந்ததும் கொழும்பு புதுக்கடையில், சட்டத்தரணியான என் அலுவலக வாசலில் நான்கு பேர் நின்றார்கள். இலங்கையின் பழங்குடிகளான வேடர்களில் கரையோரத்தார், பேசுவது தமிழ்தான். தேன் எடுக்கப் போகிற காட்டில் ஒரு திணைக்களம் எல்லைக் கல் நட்டுவிட்டதாம். வழக்கம்போல முதலில் கேட்டேன்: "காணி உறுதிப் பத்திரம், பெர்மிட் ஏதாவது இருக்கா ஐயா?"

பெரியவர் சிரித்தார். "பாட்டன் காலத்திலயிருந்து அங்கதான் தம்பி திரியிறம். எங்களுக்கு ஆரு உறுதி முடிச்சுத் தாற?"

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் பயிரிடாத நிலமும் முடிக்குரியவை, அதாவது அரசின் சொத்து என்றே ஊகித்தது. இல்லையென்று நிரூபிப்பது மற்றவர் பாடு. பயிர் செய்தவருக்காவது காட்ட ஒரு வேலி இருக்கும். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர் எதைக் காட்டுவார்? 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது தம்பானை வேடர்களின் வேட்டைக்காடு அதற்குள் போய்விட்டது.

அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. ரம்பகன் ஓயாப் பக்கத்துக் காட்டைச் சோளச் செய்கைக்கு வெட்டுவதை எதிர்த்து, வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே வந்தார்.

கல் எப்போது நட்டார்கள் என்று கேட்டேன். "போன மாரியில." தலையில் கை வைத்தேன். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இது தெரியாமல் கந்தோர் கந்தோராக அலைந்தே மாதங்கள் போய்விடுகின்றன. (அங்கே "பார்ப்பம்" என்பார்கள். அந்தப் பார்ப்பத்துக்குத் தேதி கிடையாது.) மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்கும் வழி இவர்களுக்கு மிச்சமிருந்தது; அங்கேயும் ஏன் தாமதம் என்று கேட்பார்கள்.

அப்புறம் ஆதாரம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வர்த்தமானியையும் நில அளவை வரைபடத்தையும் கேட்டு விண்ணப்பம் போட்டோம். அது வரும்வரை அவர்களையே ஒரு கொப்பியில் காட்டை வரையச் சொன்னேன். பெரியவர் சொல்லச் சொல்லப் பேரன் கோடு போட்டான். சடங்கு வைக்கிற மரம், கோடையிலும் வற்றாத மடு, முன்னோரைப் புதைத்த இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

இப்போது மூன்றாவது கொப்பி ஓடுகிறது. நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக் கடதாசியோடு (அஃபிடவிட்) இணைக்க வேண்டும், ஒரு பக்கமும் கிழிக்காதே என்று பேரனிடம் சொல்லியிருக்கிறேன்.