ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்

இந்த மாதமும் ஒருவர் வந்துவிட்டார். பென்னாகரம் பக்கத்துத் தம்பி, டிப்ளமோ முடித்து ஓசூரில் காண்ட்ராக்டர் மூலமாக வேலை பார்ப்பவர். வேறு கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்கு ஆர்டர் கைக்கு வந்தும் போக முடியவில்லை, ஏனென்றால் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் முதல் டிப்ளமோ வரை எல்லாமே காண்ட்ராக்டரின் பீரோவில். தொழிலாளர் வழக்கு நடத்தும் எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

கூட வந்த சித்தப்பா இப்போதைய சம்பளத்தைப் பற்றிச் சொல்கிறார்: "மார்க்கெட் ரேட்டே அவ்ளோதான சார், நம்ம படிப்புக்கு இதுவே பெருசு." இல்லீங்க. வாங்குகிறவர்கள் போட்டி போட்டால்தான் அது மார்க்கெட் ரேட். கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் விளைவிப்பவரைக் கேட்டுப் பாருங்கள்: தோட்டங்கள் ஏராளம், காய் எடுக்கும் கூழ் ஆலைகள் கொஞ்சம், அப்புறம் விலையை யார் சொல்வார்கள்? காய் மட்டம் என்பதால் அல்ல, வேறு போக்கிடம் இல்லாததால் விலை இறங்குகிறது. சம்பளமும் அப்படித்தான், ஜோன் ராபின்சன் என்ற பொருளாதார அறிஞர் 1933லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். தங்குவது கம்பெனி ஹாஸ்டல், போய்வருவது கம்பெனி பஸ், வீட்டிலோ கடன், இதற்கு மேல் சான்றிதழும் அவர்களிடம் என்றால் கேட்கவே வேண்டாம். தம்பியின் படிப்பில் குறை இல்லை. குறைந்தபட்ச ஊதியம் என்று அரசு சொல்வதும் அதற்குக் கீழே போகக்கூடாது என்றுதான், அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள். "வேறு கம்பெனிக்குப் போக மாட்டேன்" என்று எழுதி வாங்கியிருக்கிறார்களா? வேலையை விட்ட பிறகு அந்தத் தடை செல்லாது, 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27. (பயிற்சிக்கு உண்மையிலேயே செலவு செய்து அதைத் திருப்பிக் கேட்கும் பாண்டு வேறு விஷயம், அது கோர்ட்டில் நிற்கலாம், கையெழுத்துப் போடுமுன் யாரிடமாவது காட்டுங்கள்.) ராஜினாமா செய்தால் சம்பள பாக்கியை 2 வேலை நாட்களுக்குள் தரவேண்டும் என்கிறது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு. சம்பளச் சீட்டை மாதாமாதம் போட்டோ எடுத்து வையுங்கள், பக்கத்து மெஷின்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? சரி, பயந்து உட்காராதீர்கள். இன்றைக்கே திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் அந்தக் கடிதத்தின் நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். தயவுசெய்து தனியாகப் போகாதீர்கள், அதே காண்ட்ராக்டரிடம் சிக்கியிருக்கும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.