ஓடையோரம் சொல்லும் கணக்கு: தேயிலைக் கம்பெனிகளும் காடும்

தேயிலை எஸ்டேட்டுகளில் சுற்றுச்சூழல் தணிக்கை செய்வது என் தொழில். எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் ஆபீசில் முதலில் எடுத்து வைப்பது மரக்கன்று நட்ட கணக்கைத்தான். சுற்றுச்சூழல் தினத்துக்கு எத்தனை கன்று, யார் வந்து நட்டார்கள், படங்கள் எல்லாம் ஃபைலில் இருக்கும். பார்த்து முடித்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: "சார், ஓடைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாமா?"

ஒரு கம்பெனி தன் நிலத்தை எப்படி வைத்திருக்கிறது என்பதற்கு ஓடையோரத்தைப் போல நேர்மையான சாட்சி வேறில்லை. தேயிலைச் செடி தண்ணீர் விளிம்பு வரைக்கும் போகிறதா, நடுவில் நாணலும் புதரும் மரமும் விட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். களைக்கொல்லி அடித்த இடம் கொஞ்ச நாளில் பழுத்துக் காய்ந்துவிடும். அந்தப் பழுப்பு ஓடைக்கு எவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறது என்பதிலேயே, மருந்தடிப்பவர்களுக்கு யாராவது எல்லை காட்டிக் கொடுத்தார்களா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் மருந்து கலக்கும் டிரம். தண்ணீர் சுமக்கிற தூரத்தை மிச்சம் பிடிக்க அதை ஓடைக்கரையிலேயே வைத்துவிடுவார்கள். கலக்கும்போது சிந்துவதும், வேலை முடிந்து தெளிப்பானைக் கழுவி ஊற்றுவதும் நேராகத் தண்ணீருக்குள் போகும். இதற்காகத் தொழிலாளியைக் கோபித்துக்கொள்வது நியாயமே இல்லை. நிறைந்த தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்குகிறவர் தண்ணீர் கிடைக்கும் இடத்தைத்தான் தேடுவார். மேட்டில் ஒரு தொட்டி வைத்து, ஓஸ் பைப்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் டிரம் தானாகக் கரையை விட்டு நகர்ந்துவிடும். மரம் நடும் விழாவுக்கு ஆகிற செலவில் இதை முடித்துவிடலாம். ஆனால் இதைப் படம் எடுத்துப் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளப் பக்கத்துக் காடுகளும். 1890களில் தொடங்கி இங்கிருந்த மழைக்காட்டை வெட்டித்தான் காபியும் தேயிலையும் வைத்தார்கள். வெட்டாமல் விட்டவை இன்று எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கின்றன. இந்த மலையின் தண்ணீர் நீராறு, சோலையாறு அணைகளில் சேர்ந்து, பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குப் போகிறது. மேலே டிரம் கழுவிய தண்ணீர் கீழே யாருடைய தென்னந்தோப்புக்குப் போகிறது என்று யோசித்தால், ஓடையோரம் எஸ்டேட்டின் சொந்த விஷயம் அல்ல என்பது புரியும்.

யானைக்கும் ஓடையோரம்தான் வேண்டும். வால்பாறையில் யானைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து ஆராய்ந்த இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் கண்டது இதைத்தான்: திறந்த தேயிலைக் காட்டை விட, ஆற்றோரச் செடிகொடிகளையும் காட்டுத் துண்டுகளையும்தான் யானைகள் நாடுகின்றன. பகலில் ஒதுங்கி நிற்க மறைவு இல்லாமல் ஓடையோரத்தைச் சுத்தமாக வெட்டி வைத்தால், அவை தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கமும் ரேஷன் கடைப் பக்கமும் வருவதற்கு நாமே வழி போட்டுக் கொடுத்ததாகிறது. இங்கே யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர், யானை அங்கே நிற்பது தெரியாமலே எதிரில் போய்விட்டவர்கள். அதனால்தான் உள்ளூர் கேபிள் டிவியில் யானை நிற்கும் இடத்தை ஓடவிட்டார்கள். 2011 முதல் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். யானை பக்கத்தில் இருந்தால் செல்போன் வழியாகவே எரியவைக்கக்கூடிய சிவப்பு விளக்குகளையும் வைத்தார்கள். இந்த வேலைக்காக அந்த அறக்கட்டளையின் ஆனந்த குமாருக்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. வனத்துறை, எஸ்டேட் நிர்வாகம், தொழிலாளர்கள் மூன்று தரப்பும் கைகொடுத்ததால் நடந்த காரியம் இது. இதை வேறு மலைகளுக்குக் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள், ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொழுந்து எடுக்கிறவர்களையும் நினைவில் வையுங்கள் என்பதே. தமிழில் மட்டும் வரும் எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேராது. மருந்து டப்பாவில் இருக்கும் எழுத்துக்கும் இது பொருந்தும்.

நிழல் மரம் பற்றி மேனேஜர்களோடு நான் அதிகம் வாதாடுவேன். தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் பார்க்கும் இடமெல்லாம் சில்வர் ஓக். ஆஸ்திரேலிய மரம், நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், விற்கலாம். தோட்டக்காரர் ஏன் விரும்புகிறார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இருவாச்சிப் பறவைக்கு அதில் தின்ன ஒரு பழம் கிடையாது. சில்வர் ஓக்கை மட்டும் வைத்திருக்கும் தோட்டத்தை விட, சொந்த மண்ணின் மரங்கள் கலந்து நிற்கும் தேயிலைத் தோட்டத்தில் காட்டுப் பறவைகள் கூடுதலாக இருப்பதை வால்பாறை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மாற்றச் சொல்லவில்லை. சாயும் சில்வர் ஓக்கின் இடத்தில் அடுத்து எதை வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. நாவல், பலா, கருங்குங்கிலியம் என்று உள்ளூரிலேயே எத்தனையோ மரம் இருக்கிறது. வேகமாக வளர்கிறதே என்று தெரியாத மரத்தைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே மலையில் பார்க்கலாம். காபிக்கு நிழலாக வைத்த ஆப்பிரிக்க மரமான மேசோப்சிஸ் இன்று காட்டுத் துண்டுகளுக்குள் தானாகப் பரவி, உள்ளூர் மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"காட்டைச் சும்மா விட்டாலே வளர்ந்துவிடுமே, எதற்குச் செலவு?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல காட்டை ஒட்டிய இடத்தில் அது நடக்கும். உண்ணிச்செடி மூடிய துண்டில் நடப்பது கடினம், விழுகிற விதைக்கு வெளிச்சமே கிடைக்காது. அதே அறக்கட்டளையின் திவ்யா முடப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் சில தோட்டக் கம்பெனிகளின் ஒத்துழைப்போடு இருபது வருடத்துக்கு மேலாக இங்கே மழைக்காட்டை மீட்டு வருகிறார்கள். களையை அகற்றி, உள்ளூர் விதையில் வளர்த்த பலவகைக் கன்றுகளைக் கலந்து நடுகிறார்கள். நட்டு 7 முதல் 15 வருடம் ஆன இடங்களை, சும்மா விட்ட இடங்களோடு ஒப்பிட்டு 2019-ல் ஆய்வு வெளிவந்தது. மீட்ட இடங்களில் மரங்களின் அடர்த்தியும் வகையும் சேர்த்து வைத்த கார்பனும் கூடுதலாக இருந்தன. நிலத்தின் உரிமை கம்பெனியிடமே இருக்கிறது. அது செய்தது, தேயிலை வைக்காத துண்டை இதற்காக ஒதுக்கிக் கொடுத்து, பிறகு அதில் கைவைக்காமல் இருந்தது. இதைத்தான் நான் பெரிய காரியம் என்பேன்.

புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே கட்டிய தொங்கு பாலங்களைப் பார்த்திருப்பீர்கள். மரக்கிளைகள் இணையாமல் போன இடத்தில் சிங்கவால் குரங்குகள் இறங்கிச் சாலையைக் கடந்து வண்டியில் அடிபட்டதால் அவற்றைக் கட்டினார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் தயவுசெய்து வண்டியை நிறுத்தித் தின்பண்டம் போடாதீர்கள். தரையில் சோறு கிடைத்தால் எந்தப் பாலமும் அவற்றுக்குத் தேவைப்படாது.

இனி ஃபேக்டரி. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மிச்சம் மூன்றரை கிலோவும் தண்ணீர். அதில் ஒரு பகுதி வாட்டும் தொட்டியிலும் மீதி டிரையரிலும் போக வேண்டும். தென்னிந்தியாவில் இந்தச் சூட்டுக்குப் பெரும்பாலும் விறகுதான். ஆகவே டீயின் கார்பன் கணக்கில் பெரிய பங்கு விறகுக் கொட்டகையில் இருக்கிறது. மழைக்கால வால்பாறையில் விறகைத் திறந்த வெளியில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஈர விறகு எரியும்போது அதன் சூட்டில் ஒரு பகுதி தன் ஈரத்தைப் போக்கவே செலவாகிறது. அடுப்பு புகைகிறது, அதிக மரம் தேவைப்படுகிறது. கூரை போட்டு, பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, சில மாதம் காயவிட்டுப் பிறகு எரித்தால் அதே தூளுக்கு விறகு கண்கூடாகக் குறையும். பெரிய சோலார் திட்டத்துக்குக் காத்திருக்கிற கம்பெனிகளிடம், முதலில் தகரக் கூரை போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

லயத்துக் குப்பையும் இந்தக் கணக்கில்தான் வரும். கோழிக் கழிவைப் பின்பக்கம் கொட்டினால் நாயும் பன்றியும் வரும், அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். பிள்ளைகள் விளையாடும் இடம் அது. குப்பை வண்டியும் தெருவிளக்கும் வீட்டுக்குள் கழிப்பறையும் தராத கம்பெனி, வனவிலங்குப் பாதுகாப்பு பற்றிப் பேச எனக்குச் சம்மதமில்லை. அதேபோல திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். 1929-ல் தொடங்கிய 99 வருடக் குத்தகை 2028-ல் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தேதி. அந்த நிலம் களக்காடு – முண்டந்துறைக் காட்டோடு சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்களின் வீடும் வேலையும் பென்ஷனும் கடைசி நேரப் பேச்சாக இருந்திருக்கக் கூடாது. காடு திரும்பும் தேதியை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால், ஆட்கள் எங்கே போவார்கள் என்ற திட்டமும் அதே அளவு முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

கடையில் டீத்தூள் வாங்குகிறவர்கள் பாக்கெட்டில் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் பச்சைத் தவளை முத்திரையோ, 2013-ல் இந்தியத் தேயிலைக்காக வந்த ட்ரஸ்ட்டீ முத்திரையோ பார்க்கலாம். இவை வீண் அல்ல. மருந்துக் கிடங்குக்குப் பூட்டு, தெளிப்பவருக்குக் கையுறை, ஓடையோரம் மருந்து படாத பட்டை என்று பல நல்ல பழக்கங்கள் இந்தத் தரக் கட்டுப்பாட்டின் வழியாகத்தான் வந்தன. ஆனால் என்னைப் போன்ற தணிக்கையாளர் வருடத்தில் சில நாள்தான் அங்கே நிற்கிறார். மற்ற நாட்களில் கேட்க வேண்டியவர்கள் வாங்குகிறவர்கள். கம்பெனியின் இணையதளத்தில் கன்றுகளின் எண்ணிக்கை மட்டும் இருந்தால், "மொத்த நிலத்தில் தேயிலை வைக்காமல் விட்டது எவ்வளவு? விறகு எங்கிருந்து வருகிறது? நட்ட மரங்களின் பெயர் என்ன?" என்று எழுதிக் கேளுங்கள். நீலகிரித் தேயிலையில் கணிசமான பங்கு சிறு விவசாயிகளின் கொழுந்து என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் ஓடையோரம் இரண்டு வரிசைச் செடியை விட்டுக் கொடுத்தால் அது அவர் வருமானத்தில் விழும் அடி. அவரிடமிருந்து வாங்கும் கம்பெனி கொழுந்து விலையில் அதை ஈடுகட்டாமல் விதி மட்டும் போட்டால் எதுவும் நடக்காது.

அடுத்த தென்மேற்குப் பருவத்துக்குக் கன்று நட நினைக்கும் மேனேஜர்கள் இப்போதே உள்ளூர் நாற்றங்காலில் சொல்லி வையுங்கள். காட்டு மரக் கன்றுகள் கடைசி வாரத்தில் லாரியில் வந்து இறங்குபவை அல்ல, பையில் நன்றாக வளர வருடக் கணக்கில் ஆகும். எண்ணிக்கையைக் குறைத்து வகையைக் கூட்டுங்கள். ஓடையோரத்திலும் காட்டுத் துண்டின் விளிம்பிலும் முதலில் வையுங்கள். நட்ட பிறகு மூன்று வருடத்துக்குச் சுற்றிக் களையெடுக்க ஆளும் கூலியும் பட்ஜெட்டில் எழுதிய பிறகு குழி வெட்டச் சொல்லுங்கள்.