வளர்ப்பு ஓணானுக்கு எருக்கஞ்செடிப் பூச்சி ஆகுமா?

காரைக்குடிப் பக்கம் ஐப்பசி மழை விட்ட மாலையில் வளவில் ஒரு விளக்கைப் போட்டால் போதும், ஈசலும் வண்டுமாக வந்து கொட்டும். வீட்டில் பியர்டட் டிராகன் என்ற ஓணான் வளர்ப்பவருக்கு அள்ளிப் போடத்தான் கை போகும். மருந்தடிக்காத இடத்து ஈசல் சரி. மற்றவற்றில், எதைத் தின்று வளர்ந்த பூச்சி என்று தெரியாமல் கொடுக்கவே கூடாது.

செட்டிநாட்டுச் செம்மண் பொட்டலில் தழைத்து நிற்கும் எருக்கைப் பாருங்கள். மஞ்சளும் நீலப்பச்சையுமாக வரி போட்ட வெட்டுக்கிளி அதில் இருக்கும். அதன் குஞ்சை லேசாக அழுத்தினால் முதுகிலிருந்து சாற்றைப் பீய்ச்சும். எருக்கம்பாலில் உள்ள கார்டினோலைடு நஞ்சைத் தின்று தன் உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. எருக்கிலை தின்று வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியிலும் இந்த நஞ்சு இருக்கலாம்.

இந்த நஞ்சு தாக்குவது இதயத்தை. இதயச் செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு புரதம் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. கார்டினோலைடு ஒட்டிக்கொண்டால் அந்த வேலை நின்றுவிடும். உள்ளே சோடியம் தேங்கும், அதனால் கால்சியமும் தேங்கும். துடிப்பு தாறுமாறாகி, நஞ்சு மிகுந்தால் இதயமே நின்றுபோகும்.

அமெரிக்காவின் ஃபோட்டினஸ் மின்மினிகளிலும் இதே வகை நஞ்சு உண்டு. அவற்றைத் தின்ற பியர்டட் டிராகன்கள் செத்ததை 1999-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை விவரிக்கிறது. நம் ஊரணிக்கரை மின்மினி வேறு இனம்தான். ஆனாலும் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

"வேலி ஓணான் கண்ட பூச்சியையும் தின்கிறதே" என்பார்கள். அது இந்தப் பூச்சிகளோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியது. பியர்டட் டிராகனின் பூர்விகம் ஆஸ்திரேலியா. எருக்கு வெட்டுக்கிளியின் பளிச்சென்ற நிறம் ஓர் எச்சரிக்கை என்று அதற்குத் தெரியாது, அசைவதைக் கவ்விவிடும். ஆசைப்பட்டு வாங்கி வந்த நாம்தான் அதற்காகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

மனிதர் தெளித்த மருந்து கண்ணுக்கே தெரியாது. கொசுமருந்துப் புகை அடித்த தெருவில் மல்லாந்து காலை உதறும் பூச்சியைத் தொடாதீர்கள். பாம்பு வளர்ப்பவர்கள் வீட்டில் பிடித்த எலியைக் கொடுக்கக் கூடாது. அதன் வயிற்றில் எலி மருந்து இருக்கலாம்.

நம்பகமான வழி, முட்டை அட்டை அடுக்கிய பெட்டியில் சுவர்க்கோழிப் பூச்சி வளர்ப்பது. அதன் உடம்பில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம். அதையே தின்றால் ஓணானுக்கு எலும்பு மெலியும். எனவே முதல்நாளே சுவர்க்கோழிக்கு முருங்கைக்கீரை போட்டு, கொடுக்கும்போது கால்சியம் பொடியில் புரட்டுங்கள். ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியை ஒதுக்கிவிடுங்கள்.