வியாபாரத் தகராறும் பயணத்தடையும்: சீனா, டுபாய் போகிறவர்களுக்கு

காத்தான்குடியிலும் கல்முனையிலும் துணி, பாத்திரம், விளையாட்டுச் சாமான் விற்கிற சிலர் இப்போது கொழும்புப் புறக்கோட்டையோடு நிற்பதில்லை. நேரே சீனாவின் குவாங்சோவுக்கோ யீவுக்கோ போய்ச் சரக்கைப் பார்த்து, முற்பணம் கட்டி, கொண்டெய்னர் போட்டுவிட்டு வருகிறார்கள். விசா, டிக்கெட், சுங்கத் தீர்வை எல்லாம் நாலு பேரிடம் விசாரித்துத்தான் புறப்படுகிறார்கள். பணத் தகராறு ஏதும் வந்தால் அந்த நாடு நம்மைத் திரும்பிப் போக விடுமா என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

விடாமலும் இருக்கலாம். சீனாவில் அதற்குச் சட்டமே உண்டு. 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, எந்தெந்த வெளிநாட்டவரை நாட்டை விட்டு வெளியேற விடக்கூடாது என்று சொல்கிறது. குற்றவழக்கில் சிக்கியவர்கள் அதில் வருவார்கள், அது எதிர்பார்க்கக் கூடியதுதான். தீராத சிவில் வழக்கொன்றில் சம்பந்தப்பட்டு, நீதிமன்றம் தடை போட்டவரும் வருவார். தொழிலாளருக்குச் சம்பளப் பாக்கி வைத்த முதலாளியையும் மறிக்கலாம், அதற்கு மாகாண அரசு அல்லது மத்திய அரசுத் திணைக்களத்தின் முடிவு போதும். ஆக, சரக்குக்குப் பணம் கொடுக்கவில்லை என்று ஒரு தொழிற்சாலைக்காரர் வழக்குப் போட்டு, ஆள் ஓடிவிடுவார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால், எதிராளியின் கடவுச்சீட்டு விமான நிலையத்தில் செல்லுபடியாகாது. கைது கிடையாது. ஹோட்டலில் தங்கலாம், கடைவீதியில் உலாவலாம். ஊருக்கு மட்டும் வர முடியாது.

கடன் பட்டவர் யார் என்பதைவிட, கம்பனிப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதுதான் இங்கே பெரிய விஷயம். சீனாவில் ஒவ்வொரு கம்பனிக்கும் 'சட்டப் பிரதிநிதி' என்று ஒருவர் பதிவாகியிருக்க வேண்டும். கம்பனி பணம் கட்டாவிட்டால் தடை அவர் தலையில் விழும். பொறுப்பான பதவியில் இருக்கும் மற்றவர்களையும் மறிக்கலாம். அங்கே ஏஜென்ட் வேலை பார்க்கும் நம்ம ஊர்த் தம்பி, "நானா, ஒங்கட பேர மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறன்" என்று சொல்கிற இடம் இதுதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பார்ப்பது பதிவேட்டில் உள்ள பெயரைத்தான். பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பதும் ஆபத்து, பதிவேட்டில் பெயர் மாறியிருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சீன மொழி வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐரிஷ் வியாபாரி ஒருவரின் கதை இதற்கு நல்ல உதாரணம். விமானங்களைக் குத்தகைக்கு விடும் கம்பனி ஒன்றின் பணிப்பாளராக 2019 பெப்ரவரியில் ஷாங்காய் போனவர், 2022 ஜனவரியில்தான் வீடு திரும்பினார். வழக்கு அந்தக் கம்பனியின் சீன உரிமையாளருடைய மோசடியைப் பற்றியது. இவர் மீது குற்றச்சாட்டே இல்லை. ஆனாலும் மூன்று வருடம் போய்விட்டது. 1995க்கும் 2019க்கும் இடையில் இப்படி மறிக்கப்பட்ட வெளிநாட்டவர் 128 பேரை ஓர் ஆய்வு கணக்கெடுத்திருக்கிறது. அது வெளியே தெரியவந்த கதைகள் மட்டும்.

நீதிமன்றத் தடை வேறு, கடன்காரர்கள் தாங்களாகவே ஆளைப் பிடித்து வைப்பது வேறு. 2011 கடைசியில் யீவுவில் இரண்டு இந்தியர்களை உள்ளூர் வியாபாரிகள் பிடித்துவைத்தார்கள். கடனை வைத்துவிட்டுத் தலைமறைவானவர் அவர்களுடைய முதலாளி. இவர்களுக்காக நீதிமன்றம் போன இந்தியத் தூதரக அதிகாரி அங்கேயே மயங்கி விழுந்தார். அதன் பிறகு இந்தியத் தூதரகம், யீவுவில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று தன் நாட்டு வியாபாரிகளை எச்சரித்தது. இப்படி ஆளை அடைத்து வைப்பது சீனச் சட்டப்படியும் குற்றம்தான். அந்த நிலை வந்தால் 110க்கு அடித்துப் பொலிஸைக் கூப்பிட வேண்டும், கூடவே தூதரகத்துக்கும் சொல்ல வேண்டும்.

டுபாய், அபுதாபி பக்கம் கணக்கு வேறு மாதிரி. ஐக்கிய அரபு அமீரகத்தில், கடன் 10,000 திர்ஹத்துக்குக் குறையாமல் இருந்து, ஆள் நாட்டை விட்டு ஓடுவார் என்று அஞ்சக் காரணமும் இருந்தால், கடன் கொடுத்தவர் பயணத்தடை கேட்கலாம். கணக்கில் காசில்லாமல் செக் திரும்பினால் ஜெயில் என்ற பழைய பயம் 2022 ஜனவரிக்குப் பிறகு பெருமளவு போய்விட்டது. ஆனால் அதே செக்கை வைத்து நேரே பணம் அறவிடும் நடவடிக்கைக்குப் போகலாம், பயணத்தடையும் கேட்கலாம். தன் பெயரில் ஏதும் இருக்கிறதா என்று டுபாய் பொலிஸின் செயலியிலும், அபுதாபி நீதித்துறையின் 'எஸ்தஃப்ஸிர்' சேவையிலும் பார்க்கலாம். ஒன்றில் பார்த்தது மற்றதுக்குச் செல்லாது. கட்டாரில் முன்பு வேலைக்குப் போனவர்களுக்கு இருந்த 'எக்ஸிட் பெர்மிட்' இதில் சேராது. அது முதலாளியின் அனுமதி, பெரும்பாலான தொழிலாளருக்கு 2018இல் நீக்கப்பட்டுவிட்டது.

இதெல்லாம் மனித உரிமை மீறல் இல்லையா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை, எந்த நாட்டையும் விட்டு வெளியேறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. ஒப்பந்தக் கடனைக் கட்ட முடியாததற்காக மட்டும் யாரையும் சிறையில் போடக்கூடாது என்கிறது 11ஆம் உறுப்புரை. இலங்கை 1980இலேயே சேர்ந்துவிட்டது. சீனா 1998இல் கையெழுத்து மட்டும் போட்டது, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. பயணத்தடை சிறையும் இல்லை, அந்த இடைவெளியில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார்.

பலருக்குத் தடை இருப்பதே குடியகல்வுக் கவுண்டரில்தான் தெரியவரும். அதிகாரி திரையைப் பார்ப்பார், ஓரமாக நிற்கச் சொல்வார். அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை, தடையை எடுக்க அவரால் முடியாது. எந்த நீதிமன்றம் போட்டது, வழக்கிலக்கம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தடை போட்டதால் விசா நீளாது என்பதையும் மறக்க வேண்டாம். சீனாவில் விசா முடிந்தபின் தங்கினால் நாளுக்கு 500 யுவான், கூடியது 10,000 யுவான் தண்டம் விழலாம், தடுத்து வைக்கவும் செய்யலாம். எனவே உள்ளூர் பொலிஸின் குடியகல்வுப் பிரிவில் தங்கும் அனுமதிக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம் சட்டத்தரணி. கடன் வழக்கில் தீர்ப்பு வந்து, பணத்தை அறவிடும் கட்டத்தில் போட்ட தடை தவறு என்றால், முடிவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் மேல் நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். 15 நாளில் பதில் வரும், அதுவரை தடை தடைதான். மற்ற வழி, பணத்தைக் கட்டுவது, பிணை அல்லது வங்கி உத்தரவாதம் கொடுப்பது, எதிராளியோடு எழுத்தில் இணங்குவது. இலங்கைத் தூதரகம் பீஜிங்கிலும், துணைத் தூதரகங்கள் ஷாங்காய், குவாங்சோவிலும் இருக்கின்றன. ஊரில் இருக்கும் குடும்பத்தார் கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் எழுத்தில் முறையிடலாம். தூதரகம் சட்டத்தரணிகளைக் காட்டும், அதிகாரிகளோடு பேசும். கடனைக் கட்டாது, நீதிமன்ற முடிவை மாற்றவும் அதனால் முடியாது.

தகராறு ஏற்கெனவே இருக்கிறதென்றால், "நேரில வாங்க, பேசித் தீர்ப்பம்" என்ற அழைப்புக்கு உடனே டிக்கெட் போடாதீர்கள். அங்குள்ள சட்டத்தரணி மூலம் வழக்குப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பேச்சை வீடியோவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாட்டிப் பணமும் கட்டி முடித்தவர், எதிராளி தரும் கடிதத்தை நம்பி விமான நிலையம் போகக்கூடாது. நீதிமன்றம் தடையை நீக்கிய பத்திரத்தின் பிரதியை வாங்கி, எல்லைக் கணினியிலும் அது ஏறிவிட்டதா என்று சட்டத்தரணி உறுதிப்படுத்திய பிறகு டிக்கெட் எடுத்தால் போதும்.