கேமராவை மாற்றும் முன், கெட்டது எதுவென்று பாருங்கள்

புது பாடி (லென்ஸ் நீங்கலான கேமராவின் உடல்) வாங்கிவிட்டு, "அதிலும் அதே எரர் வருகிறது" என்று பெட்டியோடு, கேமரா பழுது பார்க்கும் என் கடைக்கு வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இந்த வாரமும் ஒருவர் வந்தார். லென்ஸைக் கழற்றி மாட்டும் வகையான டிஎஸ்எல்ஆர், அவருடைய பழைய கேமரா; அதில் நாலு படம் எடுத்தால் ஒன்றில் எரர். "ஷட்டர் ஒரு லட்சம் தாண்டிவிட்டது, அதன் ஆயுள் முடிந்தது" என்று தெரிந்தவர் யாரோ சொல்லியிருக்கிறார். (ஷட்டர் என்பது படம் எடுக்கும்போது, ஒளியைப் படமாக்கும் சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரை. அது எத்தனை முறை ஓடியது என்பதே அந்த எண்.) இவரும் பழையதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். பழைய லென்ஸைப் புது பாடியில் மாட்டியதும் மறுபடி எரர். பாடியில் எந்தக் குறையும் இருந்திருக்காது. லென்ஸுக்குள், ஒளி நுழையும் துளையைப் பெரிதும் சிறிதுமாக்கும் அபர்ச்சருக்குப் போகும் ஃபிளெக்ஸ் கேபிள் என்ற வளையும் பட்டை, ஜூம் செய்யும் போதெல்லாம் மடங்கி மடங்கி விரிசல் விட்டிருந்தது. விரல் அகலம்கூட இல்லாத அந்தக் கேபிளுக்காக நல்ல பாடி ஒன்று கைமாறிப் போய்விட்டது.

இந்தப் பழுதைச் சந்தேகிக்க நீங்கள் கடைக்கே வர வேண்டியதில்லை. அபர்ச்சரை அந்த லென்ஸ் தரும் மிகச் சிறிய எஃப் எண்ணில், கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் என்றால் எஃப் 3.5-இல், வைத்துப் பத்துப் படம் எடுங்கள். எண் சிறிதானால் துளை பெரிது. அப்புறம் எஃப் 8-இல் வைத்துப் பத்துப் படம் எடுங்கள். முதலில் ஒழுங்காக எடுத்துவிட்டு இரண்டாவதில் எரர் காட்டினால் அபர்ச்சர் பிளேடு நகரும்போது சிக்கல் வருகிறது என்று அர்த்தம். முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த பிளேடுகள் நகர வேண்டியதே இல்லை. ஜூமை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்தால் மட்டும் எரர் வருகிறதென்றால் கேபிள் மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும். வேறு ஒருவரின் லென்ஸை ஐந்து நிமிடம் வாங்கி மாட்டிப் பார்த்தால் மீதியும் தெரிந்துவிடும். கூடவே லென்ஸின் பின்புறம் இருக்கும் தங்க நிறக் காண்டாக்ட்களை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். வேறு மெமரி கார்டு, வேறு பேட்டரி போட்டுப் பாருங்கள். கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டு விசை கீழே இறங்கியிருப்பதைக் கவனிக்காமல் "கேமரா படம் எடுக்கவில்லை" என்று கொண்டு வருபவர்கள் நிறையப் பேர்.

இப்போது அந்த ஷட்டர் எண்ணிக்கைக்கு வருகிறேன். ஏனென்றால் நல்ல கேமராக்களை அதிகமாகக் காவு வாங்குவது இந்த எண்தான். கேனான் 5டி மார்க் 3-க்கு 1,50,000, நிக்கான் டி850-க்கு 2,00,000, கேனான் 1டி எக்ஸுக்கு 4,00,000 என்று நிறுவனங்கள் ஓர் எண்ணைச் சொல்கின்றன. ஷட்டர் அத்தனை முறை இயங்கும் என்று வைத்துச் சோதித்துப் பார்த்த அளவு அது. மருந்துப் பட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதி மாதிரி அதைப் படிக்காதீர்கள். சொன்ன எண்ணைப் போல இரண்டு மடங்கு ஓடிய ஷட்டரும் உண்டு, பாதியிலேயே பிளேடு உடைந்த ஷட்டரும் உண்டு. எண்ணைத் தாண்டிய மறுநாள் கேமரா நின்றுவிடாது. எண்ணைத் தொடாத கேமராவுக்கு அது உத்தரவாதமும் ஆகாது.

சரி, ஷட்டர் நிஜமாகவே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். படத்தின் ஒரு பாதி கறுப்பாக வருகிறது, அல்லது திரைபோல் ஒரு பிளேடு குறுக்கே தொங்குகிறது. அப்போதும் போனது ஒரு பாகம் மட்டுமே. சென்சார், மெயின் போர்டு, ஃபோகஸ் எதற்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஷட்டர் முழு யூனிட்டாக ஸ்பேராகவே வருகிறது. கழற்றிவிட்டுப் புதிது போடலாம். ஸ்பேர் கிடைக்கும் மாடலென்றால் எங்களுக்கு இது வாடிக்கையான வேலை. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களும் இந்த எண் ஒன்றையே பிடித்துக்கொண்டு, லென்ஸ் மாட்டும் வளையமான மவுன்ட் நெளிந்திருக்கிறதா, ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதே இல்லை. 2021-இல் வந்த நிக்கான் இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. அந்த மாதிரி கேமராவுக்கு இந்த எண்ணை வைத்து ஆயுள் கணிப்பதில் அர்த்தமே இல்லை.

இதேபோல் வீணாகப் பயமுறுத்தும் இன்னொன்று, படத்தில் வரும் கறும்புள்ளி. "சென்சார் செத்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் புள்ளி தெளிவாகத் தெரிகிறது, எஃப் 4-இல் மங்கிக் காணாமல் போகிறது என்றால் அது தூசு. அதுவும் சென்சார் மேல் நேரடியாக உட்காருவதில்லை, அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடி ஃபில்டரின் மேல் உட்காருகிறது. சுத்தம் செய்தால் போய்விடும். வாயால் ஊதாதீர்கள், டப்பாவில் அடைத்து வரும் காற்றையும் அடிக்காதீர்கள். எச்சிலும் அந்த டப்பாவின் ரசாயனமும் கண்ணாடியில் படிந்துவிட்டால் தூசைவிடப் பெரிய வேலை எங்களுக்கு.

காசு கொடுக்கும் முன் உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே ஏதாவது சேவை அறிவிப்பு வெளியிட்டிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் சென்சார் பக்கம் புள்ளிகள் தெறிக்கும் பிரச்சினை இருந்தது. 2014-இல் வாரன்டி முடிந்த கேமராக்களுக்கும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரை மாற்றித் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

எதையும் மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல் தண்ணீரில் விழுந்து, ஆன் செய்தும் பார்க்கப்பட்ட கேமராவைப் பெரும்பாலும் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பேட்டரி உள்ளே இருக்க உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் போர்டிலுள்ள செம்புத் தடங்கள் அரித்துப் போகும். இன்று சரிசெய்து கொடுத்தாலும் இரண்டு மாதத்தில் வேறொரு இடத்தில் பச்சை பூத்து நிற்கும். தண்ணீர் பட்டால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஆன் செய்யாதீர்கள், பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள், அன்றைக்கே கொண்டு வாருங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அரிசி மூட்டையும் வேண்டாம், அதில் கிடக்கும் நாட்களில்தான் அரிப்பு வேலை செய்துகொண்டிருக்கும்.

மெயின் போர்டு போன கேமராவிலும், லென்ஸ் வெளியே நீட்டியபடி கீழே விழுந்த காம்பாக்ட்டிலும் (லென்ஸைக் கழற்ற முடியாத சிறிய கேமரா) யோசித்துத்தான் இறங்க வேண்டும். இங்கே நிறையப் பேர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். பழுது பார்க்கும் செலவைப் புது மாடலின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு, "இதைவிடக் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் புதிதே வாங்கிவிடலாம்" என்கிறார்கள். அதே மாடல், ஓடும் நிலையில், செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். எஸ்டிமேட் அதைத் தொட்டுவிட்டால் பழுது பார்ப்பது நஷ்டம். வேறு மவுன்ட்டுக்குத் தாவுகிறீர்கள் என்றால் கையில் இருக்கும் லென்ஸ்கள், பேட்டரிகள், சார்ஜர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பாடி விலையை மட்டும் பார்த்து இறங்கினால் பிறகுதான் முழுச் செலவும் தெரியும்.

ஸ்பேர் கிடைக்குமா என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேமராத் தொழிலே சுருங்கிவிட்டது. ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபா தரும் கணக்குப்படி 2010-இல் 12 கோடிக்கும் மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள், 2023-இல் 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. கேசியோ 2018-இல் காம்பாக்ட் கேமராவை விட்டே விலகியது. ஒலிம்பஸின் கேமரா பிரிவு 2021 தொடக்கத்தில் தனி நிறுவனமாகப் பிரிந்து கைமாறியது. நிறுத்தப்பட்ட மாடலுக்குப் பாகம் வேண்டுமென்றால் இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்பா எடுத்த படங்கள் இருக்கும் பழைய காம்பாக்ட்டை நீட்டி, "எப்படியாவது ஓட வையுங்கள்" என்று கேட்கிறவர்களிடம் நான் விலைக் கணக்கு பேசுவதில்லை. பாகம் கிடைத்தால் செய்து தருகிறேன். கிடைக்காவிட்டால் கார்டிலும் உள் மெமரியிலும் இருக்கும் படங்களையாவது எடுத்துக் கொடுக்கப் பார்க்கிறேன்.

வீடியோ பார்த்து நீங்களே கழற்றிவிடாதீர்கள். தயவு செய்து கேளுங்கள். உள்ளே ஃபிளாஷ் இருக்கும் கேமராவில் அதன் கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உடனே இறங்காது, கை பட்டால் தூக்கி அடிக்கும். இரண்டாவது, ஜப்பானியக் கேமராக்களின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ஜப்பானியத் தர அளவான ஜேஐஎஸ் வகை. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தித் திருப்பினால் தலை வழுக்கிவிடும், அதற்கப்புறம் எங்களுக்குத் துளையிடும் வேலை. பல மாடல்களில் சென்சாரைத் தாங்கும் மூன்று ஸ்க்ரூக்களின் அடியில் காகிதம் போல மெல்லிய ஷிம்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தடிமனும் வேறாக இருக்கலாம். தொழிற்சாலையில் சென்சாரைச் சமமாக நிறுத்த வைத்தவை அவை. இடம் மாற்றிப் போட்டீர்களானால் படத்தின் ஒரு மூலை மட்டும் எப்போதும் மங்கலாகவே வரும். அப்படி ஒரு பையில் எல்லா ஷிம்மையும் ஒன்றாகக் கொட்டிக் கொண்டு வந்தால், சின்னப் பழுதோடு இருந்த கேமராவுக்கு நான் போட்டுத் தரும் எஸ்டிமேட் பெரிதாகத்தான் இருக்கும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கார்டை எடுத்துவிடுங்கள். பார்த்த பிறகு எந்தப் பாகம் கெட்டது என்று எழுதி வாங்குங்கள், மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். விழுந்ததையும் நனைந்ததையும் மறைக்காதீர்கள். திறந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும். முன்னாலேயே சொன்னால் தேடும் நேரமாவது மிச்சம்.

எல்லாம் பார்த்துவிட்டுப் பழுது பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தீர்களானால், பழுதை உள்ளபடி சொல்லி ஸ்பேருக்கு எடுப்பவரிடம் கொடுங்கள். உங்கள் கேமராவின் நல்ல சென்சார் இன்னொருவருடையதை ஓட வைக்கும். உப்பிய பேட்டரியைத் தனியாக எடுத்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேருங்கள். குப்பையோடு நசுங்கினால் தீப்பிடித்துவிடும்.