1919-லேயே வந்துவிட்ட சீட் பெல்ட்

ஜெர்மனியின் தெஸாவ் நகரில் 1919 ஜூன் 25 அன்று முதன்முதலாகப் பறந்தது யுங்கர்ஸ் எஃப் 13. ஒரே எஞ்சின். உலகின் முதல் முழு உலோகப் பயணிகள் விமானம் அதுதான். டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைத் தகட்டை அலையலையாக மடித்து உடலுக்கும் இறக்கைக்கும் போர்த்தியிருந்தார்கள். மெல்லிய தகட்டுக்கு விறைப்பு தந்தது அந்த மடிப்பே. இறக்கையைத் தாங்க வெளியே கம்பியோ முட்டோ கிடையாது. எஃப் 13-இன் ஆரம்ப விமானங்களில் விமானிகள் முகத்தில் காற்று அடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நான்கு பயணிகளுக்கு மட்டும் மூடிய, கதகதப்பான அறை.

விமானப் பராமரிப்புப் பொறியாளரான எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது அந்த அறையின் சீட் பெல்ட். அன்றைக்கு அது அபூர்வம். அதைத் தயாரித்த ஹூகோ யுங்கர்ஸின் நிறுவனம் பயணிகளுக்கும் பெல்ட் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்திருக்கிறது.

இன்றோ, இரவில் கேபினைச் சோதிக்கும்போது பெல்ட்டை மெத்தை இடுக்கிலிருந்து இழுத்தெடுக்க வேண்டியிருக்கிறது. பயணி அதன் மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார். நூல் பிரிந்திருக்கிறதா, பக்கிள் சரியாகப் பூட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். மாட்டாத பெல்ட்டுக்கு அந்தச் சோதனையால் என்ன பயன்?

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 321 விமானம் மியான்மர் வானில் குலுங்கியது. சீட் பெல்ட் விளக்கு போடப்பட்டதற்கும் பெரிய குலுக்கலுக்கும் இடையே சுமார் 8 விநாடிதான். பிறகு 0.6 விநாடிக்குள் விசை +1.35ஜியிலிருந்து -1.5ஜிக்கு மாறியது (1ஜி என்பது நிற்கும்போது நாம் உணரும் நம் எடை; கழித்தல் குறி வந்தால் உடல் மேலே தூக்கப்படும்). அதாவது, விமானம் கீழே இறங்குகிறது. பெல்ட் போடாத உடல் கூடவே இறங்காமல் கூரையில் மோதுகிறது. அடுத்த 4 விநாடிக்குள் விசை +1.5ஜிக்குத் திரும்ப, மேலே போனவர்கள் கீழே விழுந்தார்கள். விளக்கைப் பார்த்த பிறகு பெல்ட்டைத் தேடினால் அந்த 8 விநாடி போதுமா? தெளிந்த வானத்திலும் குலுக்கல் வரும். மேகமில்லாத இடத்தில் ரேடாருக்கு அது தெரியாது.

ஆகவே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் இருக்கட்டும். வயிற்றின் மேல் வேண்டாம், இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, முறுக்கில்லாமல் இறுக்குங்கள். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே போட வேண்டும். மடிக்குழந்தைக்குத் தனி பெல்ட் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டினால் உங்கள் எடையே அதை நசுக்கிவிடும். தூங்குவதானால் போர்வைக்கு மேலே மாட்டுங்கள், பெல்ட்டைப் பார்க்க உங்களை எழுப்ப மாட்டார்கள்.